பழைய மொரிஸ் மைனர் கியர்பொக்ஸில் இருக்கும் நம்பரை வைத்து அது எந்த மொடல் என்று சொல்ல முடியுமா?

1965ஆம் ஆண்டு மைனருக்குப் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கியர்பொக்ஸ் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம்பரை வைத்துப் பாதி சொல்லலாம். மீதிக்கு ஒரு வெண்கட்டி வேண்டும்.

எந்த எஞ்சினுக்குப் பெட்டி வேண்டும் என்று தெரிய, முதலில் உங்கள் காரின் எஞ்சின் நம்பரைப் பாருங்கள். டைனமோவுக்கு மேலே சின்னத் தகட்டில் இருக்கும். 10எம்ஏ-யு-எச் என்று தொடங்கினால் 1098 சிசி. எம் மொரிஸைக் குறிக்கும், யு என்றால் கியர் லீவர் நடுவில், எச் என்றால் கொம்ப்ரஷன் கூடியது. 9எம் என்று தொடங்கினால் உங்களிடம் இருப்பது 948 சிசி. காரின் பதிவுப் புத்தகத்தில் 1965 என்று இருந்தாலும் இத்தனை வருடத்தில் எஞ்சின் மாறியிருக்கலாம், அதனால் தகட்டை நேரில் பார்ப்பதுதான் நல்லது.

அப்புறம் கியர்பொக்ஸ். பெட்டியின் வெளிக்கூட்டின் மேல் புடைத்து நிற்கும் எண் அச்சோடு வந்தது. அந்த அச்சில் வார்த்த எல்லாக் கூட்டிலும் அதே எண்தான் இருக்கும். உளியால் அடித்த மாதிரிக் குழிந்திருப்பதுதான் தொடர் எண். மாற்றுப் பெட்டியில் அது உங்கள் காரோடு ஒத்துப்போகாது, அதற்காகப் பயப்பட வேண்டாம். 1952இல் ஒஸ்டினும் மொரிஸும் ஒரே கம்பனியான பிறகு, இந்த வகைப் பெட்டி ஒஸ்டின் ஏ35, எம்ஜி மிட்ஜெட் எல்லாவற்றிலும் போனது.

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். அப்பாவின் 1098க்குப் பெட்டி தேடியபோது, புடைத்த எண்ணைக் காட்டி "இது அறுபத்தைந்து மொடல்" என்றார் கடைக்காரர். நம்பிக் காசைக் கொடுத்து, திரீவீலரில் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன். எங்கள் கிளச் 7.25 அங்குலம். அந்தப் பெட்டியோ 6.25 அங்குலக் கிளச்சுக்கானது. பெட்டியின் முன்வாய்க்குள் எங்கள் கிளச் போகவே இல்லை. கூட்டைத் தடவிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: 948இன் கூடு வழவழப்பாக இருக்கும், 1962 கடைசியில் 1098ஓடு வந்த கூட்டில் விலா எலும்பு மாதிரி வரிகள் ஓடும்.

வரி இருந்தால் போதுமா என்று மாளிகாவத்தையில் எங்கள் காரைப் பார்க்கும் நாநாவிடம் கேட்டேன். "தம்பி, கூட்டத் திறந்து யார் யார் எந்தப் பல்லுச் சக்கரத்தப் போட்டாங்களோ, சுத்திப் பாருங்க" என்றார். எப்படி என்றும் அவரே காட்டினார். பின்சில்லுகளுக்குப் போகும் புரொபெல்லர் சாஃப்டின் முனைத்துண்டைப் பெட்டியின் பின்பக்கம் சொருகி, முன்னால் கிளச் பக்கத்துத் தண்டிலும் பின்னால் அந்தத் துண்டிலும் வெண்கட்டியால் கோடு போட வேண்டும். இரண்டாம் கியரைப் போட்டு, பின்பக்கம் சரியாகப் பத்துச் சுற்று வரும்வரை முன்தண்டைக் கையால் சுற்றி எண்ண வேண்டும். கிட்டத்தட்ட இருபத்தொன்றே முக்கால் சுற்று வந்தால் 1098இன் சக்கரங்கள் (2.172). இருபத்துமூன்றே முக்கால் வந்தால் 948இனுடையவை (2.374). மூன்றாம் கியரில் எண்ண வேண்டாம், இரண்டு வகைப் பெட்டியிலும் அது 1.412தான்.

சுற்றும்போது கரகரப்பு கையில் தட்டுகிறதா என்றும் கவனியுங்கள். பெயாரிங் தேய்ந்தது அப்போதே தெரிந்துவிடும்.

கடையில் சுற்றிப் பார்க்க விடவில்லை என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். நான் இரண்டாவதாக வாங்கியதை, கடை வாசலில் குந்தி இரண்டு தடவை எண்ணிய பிறகுதான் காசு கொடுத்தேன். இரண்டு தடவையும் இருபத்தொன்றே முக்கால்.