அமெரிக்க அரசுப் பள்ளிகளில் படைப்புக் கொள்கைக்கு ஏன் இடமில்லை?

"பரிணாமத்தோடு படைப்புக் கொள்கையையும் கற்பித்து, மாணவர்களையே முடிவு செய்ய விட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். படைப்புக் கொள்கை என்பது உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் நம்பிக்கை. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தை அமெரிக்க நீதிமன்றங்கள் விரிவாகவே ஆராய்ந்திருக்கின்றன. அரசு எந்த மதத்தையும் நிறுவலாகாது என்னும் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் காட்டி, இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1987இல் செல்லாததாக்கியது.

அடுத்து அதே கருத்து, உயிர்களை ஓர் அறிவார்ந்த சக்தி வடிவமைத்தது என்று சொல்லும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் வந்தது. பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம், டார்வின் கோட்பாடு உறுதியான உண்மையன்று எனவும், மாற்று விளக்கத்துக்கு ஒரு குறிப்பிட்ட நூல் இருக்கிறது எனவும் ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும் என்று 2004இல் முடிவெடுத்தது. அறிவியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்தார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தார்கள்.

வழக்கின் திருப்புமுனையாக நான் கருதுவது அந்த நூலின் பழைய வரைவுகளைத்தான். 'கிரியேஷனிஸ்ட்ஸ்' (படைப்புக் கொள்கையாளர்கள்) என்று இருந்த இடங்களில், 1987 தீர்ப்புக்குப் பின் 'டிசைன் புரொப்பொனன்ட்ஸ்' (வடிவமைப்பு ஆதரவாளர்கள்) என்று மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் பழைய சொல் முழுவதும் அழியாமல், 'சிடிசைன் புரொப்பொனன்ட்சிஸ்ட்ஸ்' என்று புதிய சொற்களின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு நின்றது. மாறியது பெயர் மட்டுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ், அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அன்று என்று 139 பக்கங்களில் தீர்ப்பளித்தார்.

அறிவியலில் கோட்பாடு என்பது ஊகமன்று. புதைபடிவங்களும் மரபணு ஒப்பீடுகளும் தாங்கிநிற்கும் விளக்கம். அதற்குச் சமமாகச் சோதிக்கவே இயலாத ஒன்றை வைப்பது, அறிவியல் எப்படி இயங்குகிறது என்பதையே பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தவறாகக் கற்பிப்பதாகும். சமயங்களை ஒப்பிட்டுப் பயிலும் வகுப்பில் படைப்புக் கதைகளை விவாதிக்க அங்கே தடையில்லை.