குவாங்சோவில் முதல் மாதம்: பாஸ்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். துணி, ஜிப், பட்டன் கொள்முதலைக் கவனிக்க இரண்டு ஆண்டுகளுக்கு என்னைக் குவாங்சோவுக்கு அனுப்புகிறார்கள். வேலைக்கான இசட் விசா வந்துவிட்டது. அங்கே கைப்பேசி இல்லாமல் டீ கூடக் குடிக்க முடியாது என்கிறார்கள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தே இன்னொரு கட்டத்தில் இருக்கின்றன. இதனால் சிக்கல் வருமா? போனதும் எதை முதலில் செய்வது?

பதில்: இசட் விசா உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். நுழைந்த 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்காகக் குடிநுழைவு அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் திரும்பி வர ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். அதுவரை உங்கள் கையில் படம் போட்ட ரசீது ஒன்றுதான் இருக்கும். ரயிலில் போக அது செல்லும். சிம்முக்கும் வங்கிக் கணக்குக்கும் அசல் பாஸ்போர்ட்தான் வேண்டும். ஆகவே வரிசை இதுதான்: சிம், கட்டணச் செயலி, வங்கி, வீடு, அதன் பிறகு பாஸ்போர்ட்டைக் கொடுப்பது. வரிசை மாறினால் சம்பளம் போட இடமில்லாமல் முழு மாதமும் போய்விடும்.

கிளம்புவதற்கு முன் ஊரில் இரண்டு வேலை. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அடைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, இணையப் பரிவர்த்தனை இரண்டையும் திறந்து, வரம்பையும் உயர்த்துங்கள். இரண்டாவது, இந்திய எண்ணில் ரோமிங். சீனாவில் அட்டையை இணைக்கும்போது ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அது வராவிட்டால் அட்டை வெறும் பிளாஸ்டிக். ரோமிங்கில் இன்னொரு லாபமும் உண்டு. சீன சிம்மில் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் திறக்காது. இந்திய சிம்மின் ரோமிங் டேட்டா உங்கள் இந்தியத் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பு வழியாகவே போவதால் அவை திறக்கும். வீட்டோடு பேச இதுதான் சுலபமான வழி, ஏனென்றால் சீனாவில் அரட்டைக்கும் பணம் கட்டவும் பயன்படும் வீசாட் செயலி 2020 ஜூனிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. உங்கள் வீட்டாரிடம் அது இருக்கப் போவதில்லை.

அங்குள்ள இன்னொரு கட்டணச் செயலியான அலிபேயும் அதே ஆண்டு தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டதால், இந்த இரண்டு செயலிகளையும் போய் இறங்கிய பிறகுதான் நிறுவ முடியும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பிளே ஸ்டோர் சீன வைஃபையில் வேலை செய்யாது. அலிபே, வீசாட் நிறுவனங்களின் சொந்த இணையதளத்திலிருந்து நேரடியாகவோ, கைப்பேசித் தயாரிப்பாளரின் ஸ்டோரிலிருந்தோ இறக்கிக்கொள்ளுங்கள். ஐஃபோன் என்றால் ஆப் ஸ்டோருக்குச் சீனாவை நாடாகக் காட்டும் தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். பழைய கணக்கின் நாட்டை மாற்றினால் சந்தாக்கள் இருக்கும்வரை அது விடாது.

முதல் இரண்டு மூன்று நாள் ரொக்கத்தில் ஓட்டலாம். ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மறுக்காவிட்டாலும் நூறு யுவான் நோட்டை நீட்டினால் சில்லறை இராது, அதுதான் தொல்லை. பத்தும் இருபதுமாக மாற்றி வையுங்கள். ஏப்ரல் நடுவிலோ அக்டோபர் நடுவிலோ போய் இறங்குவதானால் அறையை முன்கூட்டியே பிடியுங்கள். குவாங்சோவில் நடக்கும் கேன்டன் வணிகக் கண்காட்சி நேரத்தில் வாடகை ஏறிவிடும்.

சிம் வாங்க சைனா மொபைல், யூனிகாம், டெலிகாம் மூன்றில் ஒன்றின் பெரிய கிளைக்குப் போங்கள். தெருமுனைக் கடைகளில் பெரும்பாலும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பதிய மாட்டார்கள். கவுன்ட்டரில் உங்கள் முகத்தைப் படம் பிடித்து எண்ணைப் பதிவார்கள். அந்த எண்ணில் அலிபேயைத் தொடங்கி, பாஸ்போர்ட்டைப் படமெடுத்து ஏற்றி, இந்திய வங்கி தந்த விசா (Visa) அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணையுங்கள். வீசாட்டில் புதுக் கணக்கு தொடங்கும்போது, நெடுநாளாக வீசாட் வைத்திருக்கும் ஒருவர் தம் கைப்பேசியில் உங்கள் குறியீட்டை ஸ்கேன் செய்து உறுதி சொல்லும்படி கேட்கலாம். அலுவலகச் சகா ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

வெளிநாட்டு அட்டையில் 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை. தாண்டினால் 3 சதவீதம். மளிகைக்கு 260 யுவான் வந்தால் இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் இந்த அட்டையால் தனியாளுக்குப் பணம் அனுப்ப முடியாது. வீட்டுக்காரருக்கு வாடகையும் அதில்தான் அடங்கும். அதனால்தான் வீட்டுக்கு முன் வங்கி.

இப்போது உங்கள் பெயர். சிக்கல் வரும் இடம் பாஸ்போர்ட் அல்ல. அதை ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் தட்டச்சு செய்வதுதான். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கும், இயந்திரம் படிப்பதற்கு. மேல்வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்து உங்கள் பெயர் எந்த வரிசையில், எங்கே இடைவெளிக்குப் பதில் < குறி போட்டு வருகிறதோ, அதையே எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ளுங்கள். விசா, வேலை அனுமதி, சிம், வங்கி என ஒரே எழுத்து, ஒரே வரிசை, ஒரே இடைவெளி. வேலை அனுமதி விண்ணப்பத்தை உங்களுக்காக நிரப்பும் அலுவலக ஊழியர் அப்பா பெயரை முன்னால் தள்ளியிருப்பார்; சமர்ப்பிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வங்கியில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கவுன்ட்டர் ஊழியர் பெயரைக் கையால் தட்டி, திரையில் காட்டி, கையெழுத்துப் போடச் சொல்வார். முத்துக்குமார், செல்வராஜ் என்று பாஸ்போர்ட்டில் இருப்பது திரையில் செல்வராஜ், முத்துக்குமார் என்று திரும்பியோ, இடைவெளியே இல்லாமல் ஒட்டியோ, கடைசி எழுத்துகள் கட்டத்தில் அடங்காமல் வெட்டுப்பட்டோ இருக்கலாம். கையெழுத்துக்கு முன் திருத்தினால் ஒரு நிமிட வேலை. விட்டுவிட்டால் அன்று மாலை வீசாட்டில் அட்டையை இணைக்கும்போது ‘தகவல் பொருந்தவில்லை’ என்று வரும். எது பொருந்தவில்லை என்று சொல்லாது. நான்கைந்து முறை முயன்றால் அன்றைக்குப் பூட்டிக்கொள்ளும். அப்படி வந்தால் ஊகித்துத் தட்டாமல், கணக்குத் திறந்தபோது தந்த விவரச் சீட்டை எடுங்கள். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, தப்பும் தவறுமாக இருந்தாலும், ஏற்றிப் பாருங்கள். பிறகு வங்கிக்கே போய் அங்குள்ள பதிவையும், பின் செயலியிலுள்ள பெயரையும் சரிசெய்துகொள்ளலாம். கணக்கில் பதிந்த கைப்பேசி எண்ணும் செயலியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

கிளையை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். நிறுவனம் சம்பளம் போடும் கிளைக்கே போங்கள். மற்ற கிளைகள் ‘தங்கும் அனுமதி வரட்டும்’ என்று திருப்பி அனுப்பக் கூடும். பாஸ்போர்ட், சீன எண், வேலை ஒப்பந்தம், நிறுவன முத்திரையிட்ட கடிதம், தங்குமிட முகவரி, இந்திய பான் எண் வேண்டும். பான் எண் எதற்கு என்று திகைக்க வேண்டாம். வரி எந்த நாட்டில் கட்டுகிறீர்கள் என்ற படிவத்துக்கு அது தேவை. மோசடித் தடுப்புக் கெடுபிடியால் புதுக் கணக்குகளில் அன்றாட அனுப்பும் வரம்பைக் குறைவாக வைப்பார்கள். அட்வான்ஸும் வாடகையும் சேர்த்து எவ்வளவு அனுப்ப வேண்டியிருக்கும் என்று கவுன்ட்டரிலேயே சொல்லி வரம்பை உயர்த்தக் கேளுங்கள்.

வீடு: குவாங்சோவில் இரண்டு மாத அட்வான்ஸ், ஒரு மாத முன்வாடகை என்பது வழக்கம். புரோக்கர் கமிஷன் தனி. உங்கள் வேலை சோங்டா துணிச் சந்தையில் என்றால் ஹைசூ மாவட்டத்தில் பார்ப்பீர்கள். சந்தையை ஒட்டி, நகரத்துக்குள் சிக்கிக்கொண்ட பழைய கிராமக் குடியிருப்புகளில் வாடகை மலிவு. ஆனால் அங்குள்ள பல கட்டடங்களுக்கு முறையான சொத்துப் பத்திரம் இராது, முகவரியைப் போலீஸில் பதியும்போது இழுபறியாகும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரே கேள்வி: ‘போலீஸ் பதிவுக்குச் சொத்துப் பத்திர நகலும் உங்கள் அடையாள அட்டை நகலும் தருவீர்களா?’ தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.

ஓட்டலில் தங்கினால் பதிவை அவர்களே செய்வார்கள். வாடகை வீட்டுக்கு மாறினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே வட்டாரக் காவல் நிலையத்திலோ, சில பகுதிகளில் வெளிநாட்டவருக்கென்றே இருக்கும் சேவை நிலையத்திலோ பதிய வேண்டும். செலவில்லை. தவறினால் எச்சரிக்கை, கூடவே 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம். அங்கே தரும் பதிவுச் சீட்டு இல்லாமல் தங்கும் அனுமதி விண்ணப்பத்தைத் தொட மாட்டார்கள். அதை மடிக்காமல் வையுங்கள். வீடு மாறினால் மறுபடி பதிவு. பாஸ்போர்ட்டில் தங்கும் அனுமதி ஒட்டி வந்ததும் பதிவையும் புதுப்பித்துவிடுங்கள்.

இதற்கிடையே வேலை அனுமதிக்கு, நீங்கள் நுழைந்த 15 நாளுக்குள் நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான மருத்துவப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போங்கள். தங்கும் அனுமதிக்கான 30 நாள் கெடுவைத் தவறவிட்டால் நாளொன்றுக்கு 500 யுவான், மொத்தம் 10,000 வரை அபராதம். தடுப்புக்காவலும் சட்டத்தில் உண்டு. நிறுவனம் ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னாலும் தேதியை நீங்கள் எண்ணுங்கள். சந்தேகம் வந்தால் 12367 என்ற குடிநுழைவு உதவி எண் 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும்.

உங்கள் பாஸ்போர்ட் இந்த இரண்டு ஆண்டுக்குள் காலாவதியாகுமா என்று இப்போதே பாருங்கள். ஆகுமென்றால் ஊரிலேயே புதுப்பிப்பதுதான் என் பரிந்துரை, ஆனால் விசா ஏற்கனவே பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பதால் நிறுவனத்தைக் கேட்காமல் கைவைக்காதீர்கள். குவாங்சோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலும் புதுப்பிக்கலாம். புது பாஸ்போர்ட் எண் வந்த பிறகு பத்து நாளுக்குள் தங்கும் அனுமதியில் மாற்றம் கேட்க வேண்டும். பின் அந்தப் புது எண்ணை முதலில் சிம் பதிவிலும், பின் வங்கியிலும், கடைசியில் செயலிகளிலும் மாற்றுங்கள். சிம் பதிவை முதலில் மாற்றாமல் வங்கிக்குப் போனால் கைப்பேசி எண் யாருடையது என்று உறுதிசெய்ய முடியாமல் திருப்பி அனுப்பிவிடலாம். ரத்து முத்திரை குத்திய பழைய பாஸ்போர்ட்டையும் ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் கொண்டு போங்கள். பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே ஆள்தான் என்பதற்குப் பலரும் முதலில் கேட்பது அதைத்தான்.