தம்பி தோஹாவில் வாங்கட்டுமா, நாங்கள் கொழும்பில் வாங்கட்டுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் களுவாஞ்சிக்குடி. தங்கச்சிக்கு ஆவணியில் கல்யாணம். மூன்று வருடமாகத் தோஹாவில் வேலை செய்யும் தம்பி லீவில் வருகிறான். "பிராண்ட் உடுப்பு இங்கே மலிவு அக்கா, எல்லாருக்கும் நானே வாங்கி வாறன், காசு தர வேண்டாம்" என்கிறான். டெனிம் நான்கு, சேர்ட் ஆறு, பிள்ளைகளுக்குச் சப்பாத்து இரண்டு சோடி என்று லிஸ்ட்டும் அனுப்பியாயிற்று. லண்டனில் இருக்கும் சித்தி மகளோ, அங்கே வாங்கினால் விமான நிலையத்தில் வரியைத் திருப்பித் தருவார்கள், லண்டன்தான் மலிவு என்கிறா. ஒரே டெனிமின் விலையை நாலு இடத்திலும் விசாரித்தேன். தோஹா 260 றியால், லண்டன் 90 பவுண், டொரண்டோ 118 டொலர், கொழும்பு 24,500 ரூபாய். எங்களிடம் உடுப்புக்கென்று ஒன்றரை இலட்சம் இருக்கிறது. தம்பி இன்னொன்றும் சொல்கிறான்: கூடவே இருபது டெனிம் கொண்டுவந்து மட்டக்களப்பில் விற்றால் டிக்கெட் காசு வந்துவிடுமாம். என்ன செய்யலாம்?

பதில்: நாலு இடத்து விலையையும் நீங்களே விசாரித்து எழுதியிருப்பது மிகவும் நல்லது. அந்த நாலு இலக்கங்களையும் முதலில் ரூபாயாக்கிப் பார்ப்போம். கணக்கு இலகுவாக இருக்க றியால் 82, பவுண் 400, கனடா டொலர் 215 என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கணக்குப் பார்க்கும் நாளின் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

தோஹா 21,320 ரூபாய். கட்டாரில் வற் வரி இல்லை, ஆகவே ஒட்டியிருக்கும் விலைதான் கட்டும் விலை. லண்டன் 36,000 ரூபாய். அந்த 90 பவுணுக்குள் 20 வீத வரி ஏற்கனவே இருக்கிறது. டொரண்டோ கொஞ்சம் ஏமாற்றும். அங்கே விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது, காசாளரிடம் போனதும் 13 வீதம் ஏறும். 118 டொலர் 133 ஆகி, ஏறக்குறைய 28,600 ரூபாயில் நிற்கும். கொழும்பின் 24,500க்குள் 18 வீத வற் வரி அடங்கியிருக்கிறது, அது மட்டும் 3,700 ரூபாய்க்கு மேல். இறக்குமதியின்போது கட்டிய தீர்வைகள் வேறு.

சித்தி மகள் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் பொருளைக் கையோடு கொண்டுபோனால் வரியைத் திருப்பிக் கொடுக்கும் முறை அங்கே இருந்தது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் 2021 ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டார்கள். அது இன்றும் இருந்திருந்தாலும், 90 பவுணில் வரி 15 பவுண்தான். மிச்சம் 75 பவுண் 30,000 ரூபாய். அப்போதும் கொழும்பைவிடக் கூட. பிள்ளைகளின் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் மட்டும் லண்டனில் வற் வரி கிடையாது. அவ உங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது அன்பளிப்புத் தர விரும்பினால், சப்பாத்தை அவவிடம் கேட்கலாம்.

ஒரே தொழிற்சாலையில் தைத்த டெனிம் ஏன் நாலு ஊரில் நாலு விலைக்குப் போகிறது? வரி ஒரு காரணம். மற்றக் காரணம், கம்பெனி ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக விலை வைப்பது. ஸாரா பல வருடங்களாக ஒரே விலைச்சீட்டில் பல நாட்டு விலைகளையும் வரிசையாக அச்சிட்டு வைத்தது. தன் சொந்த நாடான ஸ்பெயினில் குறைந்த விலை, தூரம் போகப் போகக் கூடின விலை. அந்தச் சீட்டைக் கையில் வைத்துப் பார்த்தாலே விஷயம் விளங்கும். அந்தந்த நாட்டுச் சனம் எவ்வளவு கொடுக்கும் என்று பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். மலிவான நாட்டில் வாங்கி விலை கூடிய நாட்டில் விற்பதையும் அவர்கள் விடுவதில்லை. பிரித்தானியாவின் டெஸ்கோ கடைகள் ஐரோப்பாவுக்கு வெளியே மலிவாக லீவைஸ் ஜீன்ஸ் வாங்கிவந்து விற்றபோது லீவைஸ் கம்பெனி வழக்குப் போட்டது. கம்பெனியின் சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்ய முடியாது என்று 2001 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. வளைகுடாவில் இன்னொரு கை நடுவில் இருக்கிறது. அங்குள்ள பெரிய பிராண்ட் கடைகளில் பல, உள்ளூர்க் குழுமங்கள் உரிமம் எடுத்து நடத்துபவை. எச் அண்ட் எம் கடைகளைக் குவைத்தின் அல்ஷாயா குழுமம் நடத்துகிறது. அவர்களுடைய இலாபமும் அந்த விலைக்குள் இருக்கிறது.

சரி, இப்போது தோஹா டெனிம் கொழும்பைவிட 3,180 ரூபாய் குறைவு. இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் தம்பி பேசுகிறான், அவன் சொல்வது பொய்யில்லை. ஆனால் இது இரண்டு பக்கமும் முழு விலைக்கு வாங்கினால் வரும் கணக்கு. கொழும்பில் சித்திரை வருடப்பிறப்புக்கும் நத்தாருக்கும் வங்கி அட்டைகளுக்குக் கழிவு வரும். 25 வீதம் கழித்தால் 24,500 ரூபாய் டெனிம் 18,375க்கு வரும். தோஹாவின் முழு விலை அங்கேயே தோற்றுவிட்டது. அதே டெனிம் தோஹாவில் கோடை முடிவு விற்பனையில் பாதி விலைக்குப் போனால் 10,660 ரூபாய், அப்போது தோஹா வெல்லும். எனக்குத் தெரிந்த மட்டில், எந்த நாட்டில் வாங்குகிறோம் என்பதைவிட எந்த மாதத்தில் வாங்குகிறோம் என்பதுதான் விலையைக் கூடுதலாக மாற்றுகிறது. ஆவணிக் கல்யாணத்துக்கு ஆனி, ஆடியில் வாங்குவது சரியான நேரம். அவுட்லெட் கடை, அதாவது பிராண்டின் கழிவு விலைக் கடை, என்று சொன்னால் மட்டும் கவனம். அந்தக் கடைகளுக்கென்றே குறைந்த துணியில் தைக்கும் பிராண்டுகள் இருக்கின்றன. பெயர் ஒன்றுதான், உடுப்பு ஒன்றல்ல.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி "காசு தர வேண்டாம் அக்கா" என்பது. தம்பியின் சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. கட்டாரில் 2021 மார்ச் முதல் சட்டப்படி ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 றியால். மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் ஒரு நாளுக்கு 38 றியால் சொச்சம். அந்தச் சம்பளக்காரனுக்கு 260 றியால் டெனிம் ஒன்று ஏறக்குறைய ஏழு நாள் வேலை. நான்கு டெனிம் 1,040 றியால், ஒரு மாதத்து அடிப்படைச் சம்பளம் முழுதாகப் போய், இன்னும் 40 றியால் தேவை. சேர்ட்டையும் சப்பாத்தையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. தம்பி இதைவிடக் கூட உழைக்கலாம், நன்றாக உழைக்கட்டும். ஆனாலும் இந்தக் கணக்கை அவனுடைய சம்பளத்துக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். 3,180 ரூபாய் மிச்சம் என்பது உங்கள் பக்கத்துக் கணக்கு. அவன் பக்கத்தில் அது வெயிலில் நின்ற நாட்கள்.

இதை நான் கண்ட ஒருவனாகச் சொல்கிறேன். 1990களில் எங்கள் பெரியண்ணன் சவூதியிலிருந்து முதல் லீவில் வந்தபோது இரண்டு சூட்கேஸ் நிறைய சேர்ட்டும் சாரியும் வாசனைத் திரவியமும் இறங்கின. ஆரையம்பதியில் சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒவ்வொன்று. நானும் ஒரு நீலச் சேர்ட்டை ஆசையாக வாங்கிக்கொண்டேன். திரும்பிப் போகும்போது அண்ணனிடம் கொழும்புக்குப் போகக் காசில்லை. அம்மா காப்பை அடகு வைத்துக் கொடுத்தா. அந்தக் காப்பு மீள ஒன்றரை வருடம் ஆனது. லிஸ்ட் அனுப்பிய எங்களில் ஒருவர்கூட அண்ணனிடம் "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது" என்று கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

லீவில் வருகிற பிள்ளையால் "வேண்டாம், முடியாது" என்று சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் அது இன்னும் கஷ்டம். சிலர் அங்கே கடனட்டையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள், பிறகு மாதாமாதம் வட்டியோடு கட்டுவார்கள். ஆகவே லிஸ்ட்டைக் குறைக்க வேண்டியது நீங்கள்தான்.

இருபது டெனிம் வியாபாரத்துக்கு வருகிறேன். இருபதுக்கு 5,200 றியால், 4,26,400 ரூபாய். கொழும்பில் 24,500க்கு பில்லோடு கிடைக்கும் டெனிமை, பில் இல்லாமல் உங்கள் வீட்டில் வந்து வாங்குகிறவர் 22,500க்கு மேல் தரமாட்டார். ஒன்றுக்கு 1,180 ரூபாய் இலாபம். இருபதும் விற்றால் 23,600. இருபது டெனிம் ஏறக்குறைய பதினான்கு கிலோ, அவனுடைய பெட்டியில் பெரும் பங்கு. ஒரே மாதிரி இருபது டெனிம் சொந்தப் பாவனைக்கு என்று கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சொன்னால் சுங்க அதிகாரி ஏற்கமாட்டார், வியாபாரச் சாமான் என்று வரி போடுவார். 18 வீத வற் மட்டும் போட்டாலே ஒன்றுக்கு 3,800 ரூபாய் தாண்டும், இலாபத்தைப்போல் மூன்று மடங்கு. அப்புறம் 32 இடுப்பு விற்றுப்போய் 38 இடுப்பு அலுமாரியில் கிடக்கும். டிக்கெட் காசை இதில் எடுக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

உங்களிடம் இருக்கும் ஒன்றரை இலட்சத்தை நான் என்றால் இப்படிப் பிரிப்பேன். கல்யாண நாளில் ஆண்கள் வேட்டி சட்டையோடு நிற்கப்போகிறார்கள், டெனிமோடு இல்லை. வேட்டிக்கும் பெண்களின் சாரிக்கும் 80,000 ஒதுக்குங்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரிகளை ஒருமுறை போய்ப் பாருங்கள், களுவாஞ்சிக்குடியிலிருந்து அரை நாள் வேலை. நெய்தவர் இடத்திலேயே வாங்கலாம், நடுவில் எந்த நாட்டுச் சுங்கமும் இல்லை. பிள்ளைகளின் அன்றாட உடுப்புக்கு 30,000. காத்தான்குடியிலும் கல்முனையிலும் ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்பு விற்கும் கடைகள் இருக்கின்றன. லேபல் வெட்டியிருக்கும், துணி நல்லதாக இருக்கும். தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, சிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். நம் நாட்டுப் பிள்ளைகள் தைத்து வெளிநாட்டுக்குப் போகும் உடுப்பு, மட்டக்களப்புப் பிள்ளைகளின் கையும் அதில் இருக்கிறது. அதைத் தோஹா போய் வாங்கித்தான் உடுத்த வேண்டுமா?

மிச்சம் 40,000. தம்பியிடம் இரண்டே இரண்டு டெனிம் கேளுங்கள், உங்கள் கணவருக்கு ஒன்று, அவனுக்கே ஒன்று. கழிவு விலையில் கிடைத்தால் மட்டும், 150 றியாலுக்கு மேல் போனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த 300 றியாலுக்குரிய 24,600 ரூபாயை அவன் வந்திறங்கிய அன்றே அவன் கையில் வையுங்கள். மறுப்பான், பரவாயில்லை, அவனுடைய வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மீதிப் 15,400 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள், கல்யாணம் முடிந்து அவன் திரும்பும் நாளில் பஸ் செலவுக்கும் வழிச்செலவுக்கும் அது உதவும்.

இன்றிரவு அவனுக்கு எடுத்துப் பேசும்போது பழைய லிஸ்ட்டை அழித்துவிடச் சொல்லுங்கள். அப்படியே, கையில் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறாய் என்றும் கேளுங்கள்.