தூரம் ஒன்று, நேரம் இரண்டு

கேள்வி: லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர் என்று படித்தேன். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 6 மணி 10 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆனால் பயணச்சீட்டில் போவதற்குச் சுமார் 8 மணி நேரம், திரும்பி வருவதற்குச் சுமார் 7 மணி நேரம் என்று இருக்கிறது. கணக்கில் பிழை எங்கே?

பதில்: உங்கள் வகுத்தல் சரிதான்; எடுத்துக்கொண்ட இரண்டு எண்களையும்தான் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 5,550 என்பது உருண்டையான பூமியின் மேல் இரு நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். பூகோள உருண்டை ஒன்றில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது தட்டையான வரைபடத்தில் நாம் போடும் நேர்கோட்டைப் போலல்லாமல், அயர்லாந்தின் மேலாக வடக்கே வளைந்து, கனடாவின் கிழக்குக் கரையோரமாக இறங்கும். விமானம் இந்த நூலை அப்படியே பின்பற்றுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் சுற்ற வேண்டியிருக்கிறது. கடலின் மேல் ஒதுக்கப்பட்ட தடத்தில்தான் செல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது வேகம். உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது. 900 கிலோமீட்டர் என்பது விமானம் தன்னைச் சூழ்ந்த காற்றைக் கிழித்துச் செல்லும் வேகமே தவிர, தரையைக் கடக்கும் வேகம் அன்று. வட அட்லாண்டிக்கின் மேல், விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. அது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வழி முழுவதும் வீசுவதாகக் கொண்டால், நியூயார்க்கை நோக்கிச் செல்லும் விமானம் தரைக்கு மேல் 750 கிலோமீட்டர் வேகத்திலும், லண்டனுக்குத் திரும்பும் விமானம் 1,050 கிலோமீட்டர் வேகத்திலும் நகரும். பறக்கும் நேரம் முறையே 7 மணி 24 நிமிடமாகவும் 5 மணி 17 நிமிடமாகவும் ஆகும். 2020 பிப்ரவரியில் கடும் புயலோடு வந்த காற்றின் துணையால் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்கும் குறைவாகவே வந்து சேர்ந்தது.

காற்றுக்காகத் தூரத்தை வேண்டுமென்றே கூட்டிக்கொள்வதும் உண்டு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் ஃபிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. பாதை சுமார் 1,400 கிலோமீட்டர் நீண்டது. பின்னிருந்து தள்ளிய காற்றால் பயணமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது. தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மேலும், பயணச்சீட்டில் உள்ள நேரம் விமானம் நிற்குமிடத்தைவிட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்காகக் காத்திருக்கும் நிமிடங்களும் அதில் அடக்கம்.

கேள்வி: அதே விமானம் காலை 10 மணிக்குப் புறப்பட்டுப் பிற்பகல் 1 மணிக்குச் சேரும் என்றும் போட்டிருக்கிறதே?

பதில்: இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் லண்டனைவிட 5 மணி நேரம் பின்தங்கியது. எனவே பயணம் 8 மணி நேரமே. ஆண்டில் இரு முறை, மார்ச் மாதத்திலும் அக்டோபர் இறுதியிலும், கடிகாரங்களை இரு நாடுகளும் வெவ்வேறு நாள்களில் மாற்றுவதால் அந்த வேறுபாடு சில நாள்களுக்கு 4 மணி நேரமாகிவிடும். அப்போது பயணம் செய்வதாக இருந்தால் அதற்கேற்பக் கணக்கிடுங்கள்.