வேண்டியும் எதுவும் மாறாதபோது கடவுளிடம் ஆறுதல் கிடைக்குமா?

"நாள் தவறாமல் வேண்டுகிறேன், துன்பம் குறைந்தபாடில்லை. என் பாவத்துக்குத் தண்டனையோ என்று பயமாக இருக்கிறது. கடவுளிடம் ஆறுதல் தேடுவது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறுதல் கிடைக்கும். ஆனால் நாம் கேட்டது ஒன்றாகவும் முதலில் வந்து சேர்வது வேறொன்றாகவும் இருக்கும். என் அனுபவம் அதுதான்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். குடிக்கும் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் அவர் நா வறண்டு சொம்பையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை எடுத்து உள்ளே வைப்பவள் நான். பார்க்க வந்தவர்கள் "கடவுள் சோதிக்கிறார்" என்பார்கள். "போன பிறவியின் வினை" என்றும் ஒருவர் சொன்னார். துன்பத்தில் இருப்பவர் வீட்டு வாசல்படியில் நின்று இந்த இரண்டையும் யாரும் சொல்லாமல் இருந்தாலே பெரிய புண்ணியம்.

எனக்குத் துணையாக வந்தது சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு. உன்னைப் பிரிய மாட்டேன் என்று திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்தவர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் பார்வை இழந்தன. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, "கோயிலில் இருக்கிறீரா?" என்று இறைவனைக் கேட்கிறார். "உளோம், போகீர்", அதாவது இருக்கிறோம், நீர் போம் என்று பதில் வருகிறது. கையில் ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. பார்வை கிடைக்கவில்லை. பிறகு காஞ்சியில் இடக்கண் தெரிந்தது. மற்றக் கண்ணுக்குத் திருவாரூர்வரை போக வேண்டியிருந்தது. அங்கே அவர் பாடியது வெறும் துதி இல்லை. உம் அடியார்கள் இப்படி வாடும்போது நீர் மட்டும் "வாழ்ந்து போதீரே", நன்றாக வாழ்ந்துவிட்டுப் போம் என்று முகத்துக்கு நேராகவே ஏசினார். அந்தப் பாட்டைத்தான் இன்றும் தேவாரமாக ஓதுகிறார்கள்.

உங்கள் பயத்துக்கு நான் சொல்லக்கூடிய பதிலும் இதில் இருக்கிறது. சுந்தரர் செய்த தவறு ஊரறிந்தது. அவருக்கே இறைவன் கதவை அடைக்கவில்லை. எந்தத் தவறு என்றே தெரியாமல் தவிக்கும் உங்களையா தள்ளிவிடப் போகிறார்?

திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை ஏரிக்கரையில் மறுபடியும் கட்டினார்கள். சுவாமிக்கு ஊன்றீசுவரர் என்று பெயர். தடுமாறிப் போன சுந்தரருக்கு மின்னலாக வழிகாட்டினாள் என்பதால் அம்பாள் மின்னொளி அம்மை. நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கும். கண்ணைக் கேட்டால் கோலைக் கொடுக்கிறீரே என்ற கோபத்தில் சுந்தரர் ஊன்றுகோலை வீசியெறிய, அது பட்டு ஒடிந்தது என்பார்கள். அந்த நந்தியின் முன்னால்தான் நான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன். அதுவரை நல்ல பக்தை கோபப்படக் கூடாது என்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தேன். கோபப்பட்டவரைத் தோழர் என்று ஏற்றுக்கொண்ட கடவுள் இவர். நானும் கேட்டேன், சத்தமாகவே கேட்டேன்.

வீடு திரும்பியபோது நோய் அப்படியேதான் இருந்தது. என் நெஞ்சில் இருந்த அடைப்பு மட்டும் விலகியிருந்தது. அதன்பிறகுதான் கைக்கு வந்த கோல்கள் கண்ணில் பட்டன. மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் கேட்காமலே பிள்ளைகளுக்குச் சமைத்து வைக்கும் என் ஓரகத்தி. ஊசி குத்தும்போது "அண்ணா, இன்றைக்கு என்ன குழம்பு?" என்று அவரைப் பேச வைத்துவிடும் அந்த நர்ஸ் பெண். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, தன் டப்பாவில் இருக்கும் தயிர்சாதத்தில் பாதியை எனக்கு வைப்பார். இவர்கள் எல்லோரும் முன்பும் இருந்தவர்கள்தாம்.

டயாலிசிஸுக்காக அவருடைய இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு கிர்ரென்று தெரியும். அதிர்வு நின்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே நான் அதைத் தொட்டுப் பார்த்துவிடுவேன். அதிர்வு இருந்தால் "இன்றைக்கு இது போதும், சுவாமி" என்பேன். என் பூஜையில் முக்கால் பங்கு அதுதான். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். கிடைக்கும் என்று நம்புகிறேன். ஆனால் கிடைத்தால்தான் கடவுள் என்று இப்போது நான் கணக்குப் போடுவதில்லை.

நீங்களும் பயந்து பயந்து வேண்டாதீர்கள். மனப்பாடமான துதியைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே இருப்பதை உள்ளபடி சொல்லுங்கள். திட்டத் தோன்றினால் திட்டுங்கள். யாராவது சோறு போட்டால் மறுக்காமல் சாப்பிடுங்கள். தூக்கமே வராமல் நாட்கள் போகின்றன என்றால் மருத்துவரையும் பாருங்கள், அது நம்பிக்கைக் குறைவு ஆகாது. பூண்டிக்குப் போக நினைத்தால் திருவள்ளூரிலிருந்து பஸ் இருக்கிறது. கோபம் தணியட்டும் என்று காத்திருக்காமல் கோபத்தோடேயே போங்கள்.