படிக்கட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்த செங்கல்லை எடுத்துவிடுங்கள்

கேள்வி: சுங்கைப் பட்டாணியில் 14 மாடி பிளாட்டில் 11-ஆவது மாடியில் இருக்கிறோம். இங்கே பாதிப் பேர் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர்கள். படிக்கட்டுக் கதவு கனமாக இருக்கிறது, காற்றும் வருவதில்லை என்று மாடிக்கு மாடி செங்கல் வைத்துத் திறந்தே போட்டிருக்கிறார்கள். கீழே தீப்பிடித்தால் புகை எங்கள் மாடிவரை வருமா? மாமியாருக்கு முட்டி வலி, படி இறங்க முடியாது. என்ன செய்வது?

பதில்: வரும், சகோதரி. சில நேரம் தீப்பிடித்த வீட்டுக்கு நேர் மேல்மாடியைவிட உங்கள் மாடிதான் மோசமாகச் சிக்கும்.

எரியும் அறையின் வெப்பம் 600 பாகை செல்சியஸைத் தொட்டால், உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய மூன்று மடங்காக விரிந்து, புகையைக் கதவு வழியாக வெளியே தள்ளும். சூடான புகை எடை குறைந்தது. மேலே ஏற வழி தேடும். படிக்கட்டுக் கதவு திறந்திருந்தால் அந்தப் படிக்கட்டே தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் கூடத்தைப் போல ஆகிவிடும்: கீழே காற்றை இழுக்கும், மேலே புகையை வெளியேற்றும். மேல்மாடிக் கதவுகளும் திறந்திருந்தால், அது வெளியேறும் இடம் உங்கள் நடைபாதைதான். லிஃப்ட் குழியும், குப்பைக் குழாயும், கேபிள் போகும் அடைக்காத ஓட்டைகளும் இதே வேலையைச் செய்யும்.

2022 ஜனவரியில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு 19 மாடிக் கட்டடத்தில் நடந்ததை நான் எல்லோரிடமும் சொல்வேன். கீழ்மாடி வீடொன்றில் மின்சார ஹீட்டரால் தீப்பிடித்தது. தீ அந்த வீட்டையும் அதன் வாசல் நடையையும் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் ஓடியபோது, தானாக மூடவேண்டிய கதவு மூடவில்லை. புகை மேலே ஏறியது. 17 பேர் இறந்தார்கள், எல்லோரும் புகையால். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் தளர்ந்துவிடும்.

அதனால்தான் படிக்கட்டுக் கதவைக் கனமாகவும் தானாக மூடும்படியும் செய்கிறார்கள். காற்று வேண்டும் என்பதும் நியாயமான குறைதான். அதற்கு வழி படிக்கட்டின் ஜன்னல். மலேசியாவின் 1984-ஆம் ஆண்டு கட்டடத் துணைச் சட்டங்கள், படிக்கட்டில் மாடிக்கு ஒரு சதுர மீட்டராவது வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கின்றன. மழைச்சாரலுக்குப் பயந்து யாராவது அதைப் பலகையால் அடைத்திருந்தால், பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். ஜன்னலே இல்லாத உயரமான படிக்கட்டுகளில் விசிறி வைத்து உள்ளே காற்றழுத்தம் ஏற்றுவார்கள். பல கதவுகள் திறந்து கிடந்தால் அந்த அழுத்தம் நிற்காது.

சரி, தீ என்று தெரிந்தால்? உங்கள் வீட்டிலேயே தீ என்றால் மாமியாரைக் கைத்தாங்கலாக முதலில் வெளியே கொண்டுவாருங்கள், கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், பூட்ட வேண்டாம். வேறு வீட்டில் தீ என்றால் முதலில் புறங்கையால் கதவைத் தொடுங்கள். சூடில்லை, நடைபாதையும் படியும் தெளிவாக இருக்கின்றன என்றால் நடக்க முடிந்தவர்கள் இறங்கலாம். படியில் புகை இருந்தால் அதற்குள் நுழையாதீர்கள். மொட்டைமாடிக்கும் ஓடாதீர்கள், அந்தக் கதவு பூட்டியிருக்கலாம். லிஃப்ட் வேண்டவே வேண்டாம்.

அப்படிப்பட்ட நேரத்தில் மாமியாரோடு யாராவது ஒருவர் வீட்டிலேயே இருங்கள். வெளிப்பக்கம் ஜன்னல் உள்ள அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத் துணி வையுங்கள். வெளியிலிருந்து புகை வராவிட்டால் மட்டும் ஜன்னலைத் திறங்கள். 999-ஐ அழைத்து மாடி எண், வீட்டு எண், நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று மூன்றையும் சொல்லுங்கள். வீட்டு நிலையைக் கட்டட நிர்வாகத்திடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது, பொம்பா (தீயணைப்புப் படை) வந்ததும் நிர்வாகத்தினர் காட்டுவார்கள்.

அப்புறம், நம் ஊர் வீடுகளில் இரும்பு கிரில்லைப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கோ வைக்கும் பழக்கம் எனக்கு மிகவும் கவலை தருகிறது. புகையில் விளக்கு வெளிச்சம்கூடத் தெரியாது. வெளியிலிருந்து கைக்கு எட்டாத, இருட்டிலும் உங்கள் கை தானாகப் போகும் ஓர் ஆணியில், கிரில்லுக்குப் பக்கத்திலேயே சாவியை இன்றைக்கே மாட்டுங்கள்.