கேள்வி – பதில்: குடியுரிமை நேர்காணலுக்குத் தமிழில் போகலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. கணவரின் வேலை மூலம் 2008இல் கிரீன் கார்டு வந்தது. பிள்ளைகளை வளர்த்ததில் காலம் ஓடிவிட்டது. இப்போது மகள் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறாள். கடையில் பேசுமளவுக்குத்தான் எனக்கு ஆங்கிலம் வரும். அதிகாரி முன்னால் உட்கார்ந்து என்ன பேசுவேன்? அதோடு, பிறந்த நாட்டை விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டுமாமே. நினைத்தாலே தூக்கம் வரவில்லை.
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: சகோதரி, முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆங்கிலத் தேர்வே கிடையாது. விண்ணப்பிக்கும் நாளில் 55 வயது நிரம்பி, கிரீன் கார்டு பெற்று 15 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால் ஆங்கிலம் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வயது 50, கிரீன் கார்டுக்கு 20 ஆண்டுகள் என்றாலும் இதே சலுகைதான். வரலாறு, அரசாங்கம் பற்றிய தேர்வு மட்டும் உண்டு. அதையும் நேர்காணலையும் தமிழிலேயே சந்திக்கலாம். மொழிபெயர்க்க ஒருவரை நீங்களே அழைத்துப் போக வேண்டும். மகளை அழைத்துப் போகாதீர்கள். குடும்பத்தார் வேண்டாம் என்று அதிகாரி சொல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவரைப் பாருங்கள்.

2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் புதிய தேர்வு. மொத்தம் 128 கேள்விகள். அதில் 20 கேட்பார்கள், 12 சரியாக இருந்தால் போதும். நான் எழுதியது பழைய தேர்வு. பத்தில் ஆறு சரி என்றதும் அதிகாரி நிறுத்திவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் ராத்திரி பகலாக அதைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன்.

மீதி முக்கால் மணி நேரமும் என் விண்ணப்பத்தைப் பற்றியே கேட்டார். எந்தத் தேதியில் ஊருக்குப் போனீர்கள், எப்போது திரும்பினீர்கள், இந்த முகவரியில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாக. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: பாதி நேரம் கேள்விகளைப் படித்தால், பாதி நேரம் உங்கள் குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தைப் படியுங்கள். மகள் நிரப்பிக் கொடுத்துவிட்டாள் என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கடைசி ஐந்து ஆண்டுகளில் நாட்டைவிட்டு வெளியே போன ஒவ்வொரு பயணமும் அதில் இருக்க வேண்டும். அந்த ஐந்து ஆண்டில் குறைந்தது 30 மாதம் இங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால், வீடும் வாழ்க்கையும் இங்கேதான் இருந்தன என்பதைக் காட்டும் காகிதங்களை எடுத்துப் போங்கள்.

அப்புறம் அந்த ‘எப்போதாவது’ கேள்விகள். எப்போதாவது யாரையாவது சித்திரவதை செய்ததுண்டா, இனப்படுகொலையில் பங்கு உண்டா, எந்த அரசையாவது பலவந்தமாகக் கவிழ்க்க முயன்றதுண்டா? வரிசையாக ‘இல்லை’ சொல்லிக்கொண்டே போவோம். திடீரென்று, “இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்கள்” என்பார். தமிழில் பதில் சொன்னாலும் இது உங்களுக்கும் வரலாம். இந்தப் பகுதியை மகளோடு உட்கார்ந்து தமிழில் ஒருமுறை பேசிப் பாருங்கள். கடைசியில், “சட்டம் கேட்டால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா?” என்று கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்றேன். அவர் நிதானமாக, வேறு சொற்களில் விளக்கினார். புரியாததைக் கேட்டால் அவர்கள் கோபப்படுவதில்லை. புரியாமல் தலையாட்டுவதுதான் ஆபத்து.

சத்தியம் பற்றி. வேறு அரசுகளுக்கான விசுவாசத்தை முழுமையாகத் துறக்கிறேன் என்ற வரி அதில் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சும்மா சடங்கு என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். இந்தியாவும் இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. கை உயர்த்திய நேரத்தில் என் குரல் தழுதழுத்தது. ஆனால் அந்த வரியை மூன்று முறை படித்துப் பார்த்தேன். அது கேட்பது அரசுக்கான விசுவாசத்தை. அம்மாவை, மொழியை, பிறந்த தெருவை விடச் சொல்லவில்லை. இந்த நாட்டில் 20 வருடம் வரி கட்டிவிட்டு, பள்ளிக்கூட வாரியத் தேர்தலில்கூட வாக்களிக்க முடியாமல் நின்றது எனக்கு அதைவிட வலித்தது. உங்கள் மனம் ஒப்பாவிட்டால் கிரீன் கார்டோடு இருங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. மகளுக்காக மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடம் முன்பு வேகமாக ஓட்டியதற்கு ஒரு டிக்கெட். அபராதம் கட்டிவிட்டேன். விண்ணப்பத்தில் எழுதாவிட்டால் தெரியவா போகிறது?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: எழுதுங்கள், தம்பி. ஒரு வேக டிக்கெட்டால் குடியுரிமை நிற்காது. மறைத்தது தெரிந்தால் நிற்கும். நேர்காணலில் முதல் காரியமே உண்மை சொல்கிறேன் என்ற உறுதிமொழிதான். அபராதம் கட்டிய ரசீதைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. அதனால் இங்கே எல்லா ஆவணத்திலும் என் பெயருக்கு முன்னால் ‘எஃப்என்யூ’ என்று இருக்கிறது. குடியுரிமையோடு சரிசெய்ய முடியுமா?
– வாசகி, இல்லினாய்

பதில்: முடியும். முதல் பெயர் தெரியாது என்பதற்கான அந்த மூன்றெழுத்தால் மருத்துவமனையில் என்னை ‘எஃப்னு’ என்று கூப்பிட்டவர்கள் உண்டு. என்-400இலேயே பெயர் மாற்றம் கேட்கலாம். ஆனால் நீதிபதி முன்னால் நடக்கும் உறுதிமொழி விழாவில்தான் அது நிறைவேறும், அதனால் நாள் கொஞ்சம் தள்ளிப் போகலாம். காத்திருங்கள். நான் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உறுதிமொழி நாளில் கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள். இந்திய பாஸ்போர்ட்டில் அதன்பின் பயணம் செய்யக் கூடாது. அதை ஒப்படைத்துவிட்டுத்தான், விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் ஓசிஐ அட்டைக்குப் போக வேண்டும். அமெரிக்க பாஸ்போர்ட் வரும்வரை நம்மால் எங்கும் போக முடியாது. நான் சத்தியம் செய்த நான்காம் நாள் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவசர பாஸ்போர்ட்டுக்கு ஒரு நாள், தூதரகத்தில் அவசர விசாவுக்கு ஒரு நாள், விமானம் என்று போய்ச் சேர ஆறு நாள் ஆயிற்று. அப்பா பேசும் நிலையில் இருந்தார், அது என் பாக்கியம். கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, என் பாஸ்போர்ட்டில் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

ஊரில் வயதான பெற்றோர் இருந்தால், உறுதிமொழி தேதி வந்ததும் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பி, புகைப்படம் எடுத்துத் தயாராக வைத்திருங்கள். குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்ததும், அரங்கத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே, பெயரையும் பிறந்த தேதியையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்.